பொன்மணி கேட்ட பூ

— ஏட்டி பொன்மணி, செவப்பு! ரெண்டு பூப் பொட்டலத்துல பட்டர் செவப்பைத்தான் எடுத்துக் குடுத்திருக்காரு. நம்ம மலைப் பெருமாளே சொல்லிட்டாரு!

— பாத்தேன் மதினி. நல்லா மலர்ந்த அரளி.

— என்னட்டி சிரிக்கே? செவப்பு வந்தா மார்பை முழுசா எடுத்துரணும், வெள்ளை வந்தா கட்டியை மட்டும்னு பேசித்தானே மலையேறி வந்தோம்? ஏலே சோலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வர்றதுக்கு முந்தி டாக்டரம்மாவுக்குப் போனைப் போடு.

— போடுதேன்க்கா. செத்த மூச்சு வாங்கிக்கிடுதேன். எம்புட்டுப் படி!

— ஏங்க, போனை உள்ள வைங்க. மதினி, டாக்டரம்மா என்ன சொன்னாங்க? கட்டி சின்னது, ரெண்டுல எது பண்ணுனாலும் உயிருக்கு ஒரே காப்புதான், உங்களுக்கு எது வேணும்னு என் முகத்தைப் பாத்துக் கேட்டாங்களா இல்லியா?

— கேட்டாங்க. நான்தான் சொன்னேன்ல, முழுசா எடுத்துருங்கன்னு.

— அதுக்கு அவங்க, 'ஆபரேஷன் உங்களுக்கா?'ன்னாங்க.

— ஆமாக்கா, நர்ஸ்கூட சிரிச்சிட்டாங்க.

— நீ வாயை மூடுலே! எங்க ராஜபாளையத்துத் தெருவுல கேட்டுப் பாரு, அம்புட்டுப் பேரும் முழுசா எடுத்துருன்னுதான் சொல்லுதாங்க.

— தெருவுக்கேவா சொன்னீங்க மதினி?

— வேண்டிக்கிடத்தான்ட்டி சொன்னேன். எங்க அம்மாவை இந்த நோவுலதான் பறிகுடுத்தேன். உன்னையும் பறிகுடுக்க எனக்குத் தெம்பு இல்ல. முழுசா எடுத்துட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்.

— தூங்குறது நீங்க, தழும்பு எனக்கு. அத்தை யார்ட்டயும் சொல்லாம மறைச்சு வச்சாங்க. நான் குளிக்கும்போது கையில தட்டுன அன்னைக்கே, ஈரச் சேலையோட உங்களுக்குத்தானே மொதல்ல போன் பண்ணுனேன்?

— பண்ணுன. இல்லைன்னு சொல்லல.

— தளவாய்புரத்துல உக்காந்து ஊரு ஒலகத்துக்கே நைட்டி தைக்கேன். என் உடம்புக்கு மட்டும் நீங்க அளவு சொல்லுவீங்களோ?

— வாயைப் பாரேன்! அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. சரி, உனக்கு என்னதான்ட்டி வேணும்?

— கட்டியை மட்டும் எடுக்கணும். பொறவு மதுரையில அஞ்சு வாரம் கரண்டு வைக்கணும், அதான் அந்தக் கதிர்வீச்சு. எரியுமா, எம்புட்டு நாள் கழிச்சு மிசின் மிதிக்கலாம், திரும்ப வருமா, எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுனேன். முந்தாநாளே டாக்டரம்மாட்ட சொல்லியும் ஆச்சு.

— சொல்லியாச்சா! ஏலே சோலை, உனக்குத் தெரியுமா?

— அவ சொல்லும்போது நான் பக்கத்துலதான்க்கா இருந்தேன். டாக்டரம்மாட்ட சொல்ல அவளுக்குப் பயமில்ல. ஒங்கிட்ட சொல்லத்தான் எனக்குப் பயம்.

— அடப்பாவிகளா! பொறவு எதுக்குட்டி இம்புட்டுப் படி ஏறி வந்த? பெருமாள்ட்ட பூக் கேட்டுட்டு அதை மீறுனா குத்தமில்லியா?

— நான் எங்க மீறுனேன்? கண்ணை மூடிப் பூக் கேட்டது நான். மனசுக்குள்ள என்ன கேட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் விசாரிக்கவே இல்லியே.

— அப்படி என்னத்தட்டி கேட்ட?

— கரண்டு வைக்கிற அஞ்சு வாரமும் மதுரையில என்கூட வந்து தங்கப் போறது யாருன்னு. வெள்ளைன்னா உங்க தம்பி, செவப்புன்னா நீங்க, மதினி!