முழங்கை நீளச் சாவி

டீயில் சர்க்கரை கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் சார். நானே போட்டது. சமையலுக்கு வந்துகொண்டிருந்த தங்கப்பொண்ணு கார்த்திகையோடு நின்றுவிட்டாள். மேயர் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் செருப்பு விட இடம் இருக்காது. இப்போது காலிங்பெல் அடித்தால் எனக்கே தூக்கிவாரிப் போடுகிறது. நீங்கள் விசாரிக்க வந்தவர்தான். இருந்தாலும் ஒரு ஆள் வந்ததில் சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்சித் தலைவரின் கூட்டத்துக்கு அந்த மைதானத்தைக் குறித்தது நான் அல்ல, டெல்லி. ஹெலிகாப்டர் இறங்க வசதி, நாலுவழிச் சாலைக்கும் பக்கம். அது சோணைக்கண்மாய்க்குக் கீழே இருக்கிறது, மடையைத் திறந்தால் தண்ணீர் அங்கேதான் பரவும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். கண்மாயின் கிழக்குக் கரையை ஒட்டிய காலனியில் பிறந்தவன் நான். சொல்லியிருக்கலாம். ஆனால் தலைவர் தேதி கொடுத்த பிறகு இடம் சரியில்லை என்பது மரியாதையாக இருக்காது. டெல்லிக்குப் போயிருந்தபோது முந்நூறு பேர் நடுவில் "சிவபாண்டி" என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். இந்த ஊரில் என்னை அப்படி யாரும் மதித்ததில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் சின்னான் வந்தார். என் அக்கா மலையம்மாளின் வீட்டுக்காரர். கண்மாய்க்கு நீர்பாய்ச்சி அவர்தான். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் குடும்பத்து வேலை. வாடிப்பட்டிப் பக்கம் பெய்த மழையில் கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது.

"மாப்ள, கிழக்குக் கரை கசியுது. இன்னைக்கே ரெண்டு ஷட்டரயும் தூக்கிவிட்டா ஒண்ணும் ஆகாது. மைதானத்துல முழங்காத் தண்ணி நிக்கும், அம்புட்டுத்தேன்" என்றார்.

"நாளைக்கு ஒரு பொழுது பொறுங்க மச்சான். கூட்டம் முடியவும் நானே வாரேன்" என்றேன்.

தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஷட்டரைத் திருகித் தூக்கும் இரும்புச் சாவி, முழங்கை நீளம், அவர் கையில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக் கார் டிக்கியில் வைத்தேன். மைத்துனன் கேட்டால் கொடுக்காமல் இருப்பாரா? அந்தக் கண்மாய்க்கு வேறு சாவி கிடையாது.

கரை கசிந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்பது எங்கள் காலனி வழக்கம். கூட்டத்துக்கும் நான் அப்படித்தான் கேட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள், நல்ல திடமான ஆளாக. டெல்லிக்காரர்களுக்குக் காலி நாற்காலி பிடிக்காது. அக்காதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், நான் வார்டில் நின்றபோது ஓட்டுக் கேட்டுப் போனது போலவே. பதினோரு வேன் நிறைந்தது. மூட்டை தூக்கக்கூடிய ஒருத்தர் பாக்கியில்லை. பாதுகாப்புக்காக அவர்களுடைய போன்களை நுழைவாயிலில் வாங்கி வைத்துவிட்டார்கள். மேடையில் இருந்த எங்களுக்கு மட்டும் விலக்கு.

தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது சின்னான் கூப்பிட்டார். போனைச் சைலண்டில் போட்டேன். தலைவரின் ஹிந்தி எனக்குப் புரியாது, ஆனாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரையில் தனியாளாக மண் அள்ளிப் போட்டுக்கொண்டே சின்னான் பதினான்கு முறை கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பெயர் வந்து போனதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று முன்பு எழுதிக் கொடுத்தது தவறு. கார் நூறடி தூரத்தில் நின்றது. கரைக்கு ஐந்து நிமிடம். ஆனால் முன்வரிசையில் இருப்பவன் நடுவில் எழுந்து போனால் நன்றாக இருக்காது.

நாலு மணிக்குக் கரை உடைந்தது. காலனியில் ஏழு பேர் செத்துப்போனார்கள், எல்லாரும் கிழவர்கள், பிள்ளைகள். எட்டாவது அக்கா. படுத்த படுக்கையாகக் கிடந்த பக்கத்து வீட்டு இருளாயியைத் தூக்கிவரப் போனாளாம். கரையை அடைக்கவேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் அப்போது என் முன்னால் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் உண்மையிலேயே நன்றாக நடந்தது.

தலைவர் பெயர் இதில் அடிபடக் கூடாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன். சின்னான் குடித்துவிட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஊர் நம்பவில்லை, அதனால்தான் இந்த வாசல் இப்படிக் கிடக்கிறது. போலீஸ் நம்பியது.

ஜெயிலுக்கு ஒருமுறை போய் அவரைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கூட்டம் நல்லா நடந்துச்சா மாப்ள?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டாரா, சும்மா கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமும் இல்லை. முன்பெல்லாம் நான் சாப்பிடும்போது அக்கா வந்து எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

உங்கள் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் துண்டில் சுற்றி வைத்திருப்பது அந்தச் சாவிதான். எடுத்துக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள்.

போனை மட்டும் என்னிடம் விட்டுவையுங்கள் சார். டெல்லியிலிருந்து இதுவரை யாரும் பேசவில்லை. அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். தலைவர் எந்த நேரமும் கூப்பிடலாம். அன்றைக்குப் பிறகு நான் அதைச் சைலண்டில் போட்டதே இல்லை.