அண்ணன் நடக்கிற சத்தம்

ஹலோ... ஹலோ... அப்பாடா, மனுஷக் குரல். மனுஷர்தானே நீங்க? ... சரி சரி, கோவிச்சுக்காதீங்க தம்பி. இவ்வளவு நேரமா ஒரு பொண்ணு குரல் தேனா பேசிட்டு இருந்துச்சு. லீவு வேணும்னா ஒண்ணை அழுத்து, வீட்டுல குழாய் ரிப்பேர்னா ரெண்டை அழுத்துன்னு. ஆளு செத்துப்போனா எதை அழுத்தணும்னு மட்டும் சொல்லவே இல்ல. எல்லாத்தையும் மாத்தி மாத்தி அழுத்தி எப்படியோ உங்ககிட்ட வந்து சேர்ந்துட்டேன்.

... ஆமா. ஆமா, செத்துப்போனதுதான். எங்க அண்ணன். உங்க குளிர் கிடங்குல வேலை பார்த்தாரு... அதேதான், மீனும் கறியும் உறைய வெக்கிற கிடங்கு... நான் தங்கச்சி பேசறேன். அட்டை நம்பர் அடிச்சுட்டேனே, பாருங்க... ம். அவரேதான். இடது காலை இழுத்து நடப்பாரு. அதுவும் உங்க தள்ளுவண்டி ஏறினதுதான்.

... இல்லல்ல, நஷ்டஈடு கேட்டு வரல, பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அந்த மெசேஜை நிறுத்தணும்... அதான், காலையில வருமே. "உங்கள் அண்ணன் நலமுடன் பணிக்கு வந்து சேர்ந்தார்"னு. கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி வேற... ஆமா, நான்தான் கேட்டு வாங்கினேன், அந்த வண்டி ஏறின சமயத்துல. அப்ப ஆறுதலா இருந்துச்சு தம்பி. இப்ப எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவரைப் புதைச்சு ஒரு வாரம் ஒண்ணும் வரல. பரவாயில்லையே, கம்பெனிக்கும் விஷயம் தெரிஞ்சிருச்சுன்னு இருந்தேன். திடீர்னு ஒரு நாள் வந்து நிக்குது. தையல் மிஷின்ல உக்காந்திருந்தேன், ஊசி விரல்ல ஏறிடுச்சு. அதுலேருந்து தினமும் வருது. தினமும் நான் அழறேன்.

... என்ன சொல்றீங்க? ... இன்னிக்கும் வேலைக்கு வந்திருக்காரா? ... தம்பி, உங்க மெஷின் ஏதோ உளறுது... தப்பே பண்ணாதா. நடையைப் பார்த்துதான் கதவே திறக்குமா... அது தெரியும், அங்கதான் எல்லாரும் குளிருக்குக் கண்ணு மட்டும் தெரிய இழுத்து மூடிக்கிட்டு நிக்கிறீங்களே, முகத்தை எங்கேருந்து பார்க்கறது. ஆனா அவரு இல்ல தம்பி. என் கையால மண்ணு தள்ளியிருக்கேன்.

... எந்த மயானமா? உங்க மயானம் இல்ல. கம்பெனி வேலிக்கு அந்தப் பக்கம், பொட்டல்ல. ராத்திரி படுத்தவரு காலையில எழுந்திரிக்கல, அவ்வளவுதான். கம்பெனி டாக்டரும் வேண்டாம், கம்பெனி மயானமும் வேண்டாம்னு அண்ணி ஒரே பிடிவாதம். நாங்க நாலு பேர்தான் தூக்கிட்டுப் போனோம். கம்பெனிக்கு நானே சொல்லிக்கறேன்னாங்க... சொல்லலையா? ... பதிவே இல்லையா... உடம்பு சரியில்லன்னு ஒரு வாரம் லீவு மட்டும்தான் இருக்கா... எனக்கு எப்படித் தம்பி தெரியும்?

... சரி. சரி, பாருங்க. நிக்கிறேன்... ம். பாட்டைப் போட்டுட்டான். 'கம்பெனியே நம் வீடு'. சின்னப் பசங்களை வெச்சுப் பாட வெச்சிருக்கான் பாரு.

யாரு? ... யாரது வராந்தாவுல? ... டொக்... சர்ர்ர்... டொக்... ஐயோ... அண்ணா?

... பாப்பா. நீயா. உயிரே போயிடுச்சுடி எனக்கு. அது என்ன கால்ல, அப்பா செருப்பா? ... ஏன் கண்ணு இப்படி இழுத்து நடக்கறே, கால் வலிக்குதா? ... விளையாட்டா. என்ன விளையாட்டு இது? ... அம்மாவும் விளையாடுவாங்களா. எப்ப? ... கதவைச் சாத்திக்கிட்டு... நீ கட்டில்ல உக்காந்து பார்த்து, அப்பா மாதிரி இல்லன்னா தப்புன்னு சொல்லணும்... சரியா நடந்தா கை தட்டணும்... பாப்பா, இங்க வா. கிட்ட வா. அப்பாவோட பூட்ஸ் எங்க? ... அம்மா போட்டுக்கிட்டுப் போயிடுவாங்களா. தினமும் காலையிலயா... என்கிட்ட வீட்டு வேலைக்குப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போறாங்க... இல்லடா, திட்ட மாட்டேன். யாரையும் திட்ட மாட்டேன். இதை யார்கிட்டயும் சொல்லாதே, என்ன? என்கிட்ட சொன்னதாக்கூடச் சொல்லாதே. போ, உள்ள போய் விளையாடு. செருப்பைக் கழட்டிட்டுப் போ.

அண்ணி... ஐயோ அண்ணி. நீங்களும் அண்ணனும் ஒரே உயரம்னு கல்யாணத்துல கிண்டல் பண்ணினேனே உங்களை. என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கம்பெனி வேலைக்கு ஆள் இல்லன்னா இந்த வீடு இல்ல. வீடு இல்லன்னா தண்ணி இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, தாயையும் பொண்ணையும் வேலிக்கு வெளிய தள்ளிடுவான். இது தெரியாம நான் பாட்டுக்குப் போனைப் போட்டு, நானே என் வாயால...

ஆங்... இருக்கேன் தம்பி, இருக்கேன்... யாரோடயும் பேசல. குழந்தைகிட்ட... என்ன, ஆள் அனுப்பறீங்களா? எங்க? ... காவலாளி போயி முகமூடியைக் கழட்டி... வேண்டாம். வேண்டாம் தம்பி, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளுங்க. தப்பு என் மேல. செத்தது இன்னொரு அண்ணன்... ஆமா. ஆமா, எனக்கு ரெண்டு அண்ணன். பெரியவரு போயிட்டாரு. அவரு உங்க கம்பெனியே இல்ல... தெரியும், கால் இழுத்து நடப்பாருன்னு நான்தான் சொன்னேன். அது சின்னவரு. சாவு விழுந்த வீடு தம்பி, புத்தி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. ஒருத்தரைப் புதைச்சுட்டு வந்து உக்காந்தா இன்னொருத்தரைப் பத்தி மெசேஜ் வருது, எனக்கு ரெண்டும் கலந்து போச்சு... அண்ணியா? அதுவும் பெரிய அண்ணிதான். சின்ன அண்ணி வீட்டுல இருக்காங்க. நல்லா இருக்காங்க.

... திருப்பி எடுக்க முடியாதா. சாவுன்னு ஒரு தடவை வாயில வந்துட்டா அவ்வளவுதானா... ம்... ம். ஒண்ணு காவலாளி முகத்தைப் பார்க்கணும், இல்ல சொந்தக்காரங்க அடையாளம் சொல்லணும். நான் சொந்தக்காரிதானே, நானே சொல்றேன். இப்பவே சொல்றேன். உங்களுக்கும் அடுத்த போன் காத்துக்கிட்டு இருக்கும், ஏன் ஒருத்தனை அவ்வளவு தூரம் ஓட விடணும்?

... குரலா. அவருக்குப் பேச்சு வராது தம்பி. தொண்டை கட்டிக்கிச்சு, எல்லாம் உங்க குளிருதான். நடக்கச் சொல்லுங்க. போனைத் தரையில வெச்சுட்டு நடக்கச் சொல்லுங்க. உங்க கதவே அவரு நடையை நம்புது, கூடப் பொறந்தவ நான் கண்டுபிடிக்க மாட்டேனா? ... சரி. ரொம்ப நன்றி. அவரு லைனைப் போடுங்க.

... இரைச்சலா இருக்கே. ஓ, கிடங்கு மின்விசிறியா... பேசலாமா?

அண்ணா. நான்தான், தங்கச்சி. பயப்படாதே. ஆபீஸ்ல தம்பியும் லைன்ல இருக்காரு. உனக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லியிருக்கேன், நீ பேசவே வேண்டாம். நான் சமாச்சாரம் புரியாம ஒரு உளறல் உளறிட்டேன், இப்பதான் புரிஞ்சுது. எல்லாம் புரிஞ்சுது. கொஞ்சம் நடந்து காட்டு, போதும்.

...

... ம்.

...

... அண்ணன்தான் தம்பி... இல்ல, அழல. சளி பிடிச்சிருக்கு... சொல்றேன். இவர் என் கூடப் பிறந்த அண்ணன். உயிரோட... உயிரோட இருக்காரு... சத்தமாவா? ... இவர் என் கூடப் பிறந்த அண்ணன். உயிரோட இருக்கார். போதுமா?

... வெச்சுடாதீங்க, அவர்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை... அண்ணா, பாப்பா சாப்பிட்டாச்சு. உள்ள விளையாடிட்டு இருக்கா. அப்புறம்... இடது காலை அவசரப்பட்டு வெக்கிறே நீ. முன்னெல்லாம் அப்படி இல்ல. வலது காலை ஊனி, ஒரு மூச்சு நின்னு, அப்புறம்தான் இழுப்பே. குழந்தைக்கு அது தெரிஞ்சிருக்காது, எனக்குத் தெரியும். கடைசில ரெண்டு மூணு அடி சரியா வந்துச்சு. அப்படியே போ. பூட்ஸ் உனக்கு இப்ப தொளதொளன்னு இருக்குமே, இளைச்சுட்டே. சாயங்காலம் கொண்டா, உள்ள துணி வெச்சுத் தைச்சுத் தரேன். எனக்குக் கோவமெல்லாம் இல்ல. பத்திரமா வா.

... போயிட்டாரா. வேலைக்குத் திரும்பிட்டாரா. சரி.

... மெசேஜா? ... இல்ல தம்பி. நிறுத்த வேண்டாம்... ஆமா, அதுக்குத்தான் போன் பண்ணினேன். இப்ப வேண்டாம்னு சொல்றேன். தினமும் வரட்டும். ஒரு நாளும் விடாம அனுப்புங்க. இனிமே அது வரலன்னாதான் எனக்குப் பயம்.

... வேற உதவியா? ... இல்ல. ஒண்ணும்... தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. நீங்க இதையெல்லாம் பதிவு பண்ணி வெப்பீங்கதானே? அந்த நடை. கடைசில வந்த அந்த ரெண்டு மூணு அடி. கண்ணை மூடிக்கிட்டுதான் கேட்டேன், அப்படியே அவரு மாதிரியே... அவருதான், ஆமா, அவரேதான், எங்க அண்ணன்தான். அதை மட்டும் இன்னொரு தடவை போட்டுக் காட்டறீங்களா? ... ஒரே ஒரு தடவை போதும்... ஹலோ? ... தம்பி? ... ஹலோ...