மாப்பிள்ளைக்கு உடம்பு தேறியது

எங்கள் வீட்டில் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கிற பழக்கம் கிடையாது ஐயா. என் மாப்பிள்ளை குழந்தைவேல் எவ்வளவு கேட்டாலும் போட்டிருப்பேன். அவர் கேட்கவே மாட்டார், அதுதான் சங்கடம்.

சுண்ணாம்புக்கல் குவாரி வேலைக்கு எங்கள் ஊர் பக்கம் என்பதால், கல்யாணமானதும் எங்களோடுதான் இருந்தார். அவருடைய அம்மா இருசம்மாள் மாதம் ஒரு தடவை பாடாலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்ப்பதுபோல் மகனைத் தடவிப் பார்ப்பார். ஆவணியில் வந்தவர் வாசலில் நின்றே சொல்லிவிட்டார்.

"தீவாளிக்குள்ள எம்புள்ளைக்கு ஒடம்பு தேறலன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன் சம்பந்தி. ஒங்க மவள நீங்களே வச்சுக்குங்க."

மலர்கொடி எனக்கு ஒரே மகள். அவளை வாழாவெட்டி என்பார்கள். எங்கள் வீட்டில் சோறு போடவில்லை என்பார்கள், அது அதைவிட மோசம்.

எனக்கு மூச்சு இழுப்பு உண்டு. பெரம்பலூர் டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையில் என் முகம் பூசணிக்காய் மாதிரி ஆயிற்று, பசியும் அடங்கவில்லை. அதைப் பொடித்து மாப்பிள்ளையின் கேழ்வரகுக் களியில் தினமும் கலந்தேன். புரட்டாசியில் அவர் கன்னம் உப்பியது, சட்டைப் பொத்தான் சேரவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது.

டாக்டர் எச்சரித்திருந்தார், மறைக்க மாட்டேன். சர்க்கரை மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எதுவும் சாப்பிடுவதாக இருந்தால் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். வலி மாத்திரையைச் சேர்க்கவே கூடாது, வயிறு புண்ணாகி ரத்தம் கொட்டும் என்றார். நான் அந்தப் பேச்சைத் தட்டியதில்லை. முட்டி வலியில் துடித்தபோதுகூட ஒன்றும் தின்னவில்லை.

கல் தூக்குகிற மனுஷனுக்கு இடுப்பு வலிக்காதா? "அத்தை, கடையில வலி மாத்திர வாங்கியாங்க" என்றார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். மாமியார் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று ஊர் பேசும். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. அதனால் வாங்கி வந்து தினமும் கொடுத்தேன். வெறும் வயிற்றில் இல்லை, பால் காய்ச்சித்தான் கொடுத்தேன். களியில் கலப்பதையாவது நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது ஐயா.

ஐப்பசியில் வயிறு எரிகிறது என்றார். தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போகிறது என்று மலர்கொடி வந்து சொன்னாள். டாக்டர் சொன்னது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. களியில் கொஞ்சம் நெய்யைக் கூட்டினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ரத்தமாக வாந்தி எடுத்தார். கல் லாரியில் ஏற்றி அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், வழியிலேயே முடிந்துவிட்டது. மலர்கொடி அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சின்னப் பெண், சரியாகிவிடுவாள்.

இருசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பாடையை நாலு பேரால் தூக்க முடியவில்லை. "பொணம் ரொம்ப கனக்குது, இன்னும் ரெண்டு பேரு வாங்க" என்றான் பக்கத்து வீட்டு வீரமுத்து. ஊர் முழுக்க நின்று கேட்டது. எனக்கு அப்போதுதான் மனது ஆறியது. அவரை நான் பட்டினி போட்டேன் என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.