ஞாயிற்றுக்கிழமை ஸீரோ

கிறீம் ஏலில் கிறீம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிரீத்தா பிள்ளை. பெயரைக் கேட்டு, பால் கலந்த ஏதோ ஒன்று என்று நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். வெறும் பியர்தான். இளம் மஞ்சள் நிறம், மெல்லிய நுரை, தொண்டைக்கு இதம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது. இந்தக் கஸ்பர் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள் என்று வால்தம்ஸ்டோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வசதியாக இருங்கள். நீங்கள் பஸ் சாரதிகளின் யூனியனிலிருந்து வந்திருக்கிறீர்கள். வியாழக்கிழமை குகநாதனின் அப்பீல். அவனுடைய வேலை திரும்பக் கிடைக்குமா, போனது போனதுதானா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அவன் என் வீட்டில் என்ன குடித்தான் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். எல்லாம் விளங்குகிறது. காரில் வந்ததாகவும் சொன்னீர்கள். அதனால்தான் உங்களுக்கு ஸீரோ ஊற்றினேன். மதுசாரம் ஒரு சொட்டும் கிடையாது. வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடியுங்கள்.

ஓய்வு எடுத்த பிறகுதான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. கடையில் விற்கிற பார்லிப் பாகு டின்னை வாங்கித் தண்ணீரில் கரைத்துப் பியர் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாக்கெற் சூப் காய்ச்சுவதைப் போல. நான் தானியத்திலிருந்து தொடங்குகிறவன். முளைகட்டிக் காயவைத்த பார்லியை நானே உடைப்பேன். தட்டையாக நசுக்கிய சோளத்தையும் போடுவேன். மற்றவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். நான் பச்சை அரிசியைக் குழையக் குழையக் கஞ்சியாக வேகவைத்து அதில் சேர்ப்பேன். அந்தக் கஞ்சி பார்லியோடு சேர்ந்து, கை பொறுக்காத சூட்டில் மூடிக் கிடக்கும்போது நடக்கிற வேலையைப் பார்க்க வேண்டும், பிள்ளை. அகப்பை அசையாத அளவுக்கு இறுகிக் கிடந்தது, கொஞ்ச நேரத்தில் தண்ணீராக இளகித் தேன் போல இனிக்கத் தொடங்கும். முதல் தடவை அதைக் கண்ட அன்று நான் இந்தக் குசினியில் தனியாக நின்று ஆடினேன். கிளறிற்றா ஆம்புலன்சுக்கு அடிக்கட்டா என்று கேட்டாள்.

கிளறிற்றா என் மனைவி. இப்போது தேவாலயத்தில் பூச்சாடி அடுக்குகிறாள், மாலையாகும் வர. அவளுக்கு இந்த மணமே ஆகாது. மாட்டுக்குத் தீன் கரைத்த மணம் என்பாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்ல வாய்வரை வரும், ஆனால் வீட்டில் சோறு அவள் கையில் இருக்கிறது. மிஞ்சிய பார்லிச் சக்கையை வீணாக்கக் கூடாது என்று ஒருநாள் புட்டு அவித்துத் தேவாலயத்துக்கும் கொண்டுபோனாள். உமி பல்லிடுக்கில் ஏறி, பங்குத் தந்தை உட்பட நாங்கள் எல்லோரும் பிரசங்கம் முடியும்வரை நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டிருந்தோம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்தால் இந்த முகம் வேறு முகமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன்.

“அங்கிள், ரெசிபி எல்லாம் அப்புறம் கேட்டுக்கிறேன். குகநாதன் சார் என்ன குடிச்சாரு, அதை மட்டும் சொல்லுங்க” என்கிறீர்கள். அங்கேதான் போகிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

இங்கே வீட்டில் பியர் வடிக்கிறவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடி ஒருவர் வடித்ததை ஒருவர் ருசி பார்ப்போம். என்னுடையதைக் குடித்துவிட்டு எல்லோரும் வெரி நைஸ் என்பார்கள். அடுத்த ஆள் கொண்டுவந்த புளித்த தண்ணீருக்கும் அதே வெரி நைஸ்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று வைத்துக்கொண்டாலும், குஞ்சு பொன்னா பித்தளையா என்று உரசிச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? எனக்கு அது பெரிய ஏக்கமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்கிறேன், இரவில் படுத்தால் அந்த ஏக்கத்தில் நெஞ்சு வலிக்கும்.

அந்த ஆள்தான் குகநாதன். லண்டனுக்கு வந்த புதிதில் நாங்கள் ஒரே அறையில் இருந்தவர்கள். அவனுடைய நாக்கு கடவுள் கொடுத்தது. பப்பில் ஒரு மிடறு குடித்துவிட்டு, “அண்ணை, இவங்கள் குழாய் கழுவி ஒரு மாசம்” என்பான். விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த நாக்கு அவனைக் குடிக்க வைத்தது, குடி அவனைத் தின்றது. அவன் மனைவி பிரியந்தி குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஒருநாள் அவன் வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மன் முன்னால் நின்று, இனித் தொடமாட்டேன் என்று கையில் காப்பு நூல் கட்டிக்கொண்டான். தொடவும் இல்லை. பிரியந்தி திரும்பி வந்தாள். பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது. நல்ல மனுசன் என்று பெயர் எடுத்தான். எனக்கும் சந்தோஷம்தான். அந்த நாக்கு சும்மா கிடக்கிறதே என்பது மட்டும்தான் என் கவலை.

அவன் கடையில் விற்கிற ஸீரோ பியர் குடிப்பான். அதில் நேர்த்திக்கடனுக்குப் பங்கமில்லை என்று பிரியந்தியும் ஒத்துக்கொண்டிருந்தாள். அதனால் நான் கேட்டேன்: நான் வடிக்கிறதையும் ஸீரோவாக்கித் தந்தால் ருசி பார்த்துச் சொல்வாயா? கரும்பு தின்னக் கூலியா கேட்பான்? அடுத்த ஞாயிறே வந்துவிட்டான்.

முதல் தடவை நான் நேர்மையாகவே செய்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வடித்த பியரை மறுபடி சூடாக்கி, மதுசாரத்தை ஆவியாக்கி, குளிரவைத்துக் கொடுத்தேன். அவன் குடித்தான். மரியாதைக்குத் தலையை ஆட்டினான். பிறகு, “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது செத்த பியர்” என்றான்.

என் பியரை அவன் செத்தது என்றான், பிள்ளை. கேட்டதும் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவன் சொன்னது சரி. சூடாக்கியபோதே அதன் உயிர் போய்விட்டது. ஒரு பிணத்தைக் காட்டி இவன் அழகனா என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அதனால் அடுத்த ஞாயிறு நான் அதைச் சூடாக்கவில்லை.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒன்றையும் கலக்கவில்லை, ஊற்றவில்லை. ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன்.

அவனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் மிடற்றில் கண் தானாக மூடிக்கொண்டது. புருவம் மேலே போனது. “உண்மையாச் சொல்லுங்கோ, இது ஸீரோதானே?” என்றான். ஓம் என்றேன். “சோளம் முன்னுக்கு வருது. பின்னால அரிசி வந்து துடைச்சு விடுது. எப்பிடியண்ணை?” என்றான். எத்தனை மாதம் நான் காத்துக் கிடந்த வார்த்தை. அரிசியைக் கண்டுபிடித்தான், பாருங்கள். கழகத்தில் ஒருவருக்கும் எட்டாத அரிசி. நான் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஒரு கிளாஸ் இரண்டாகி, இரண்டு நாலானது. ஞாயிறு போதாதென்று புதனும் வந்தான். பழைய அறைக் கதைகளைச் சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரித்தோம். ஒருநாள் கிளறிற்றாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, இந்தக் குசினியில் கதிரைகளை வரிசையாக வைத்து, எங்கள் இருவரையும் ஏற்றிப் பஸ் ஓட்டினான். ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் மணி அடித்து அறிவித்தான். கிளறிற்றாகூடச் சிரித்தாள். “என்ன அண்ணை, தலை சும்மா பறக்குது” என்பான். “உனக்கு மனம்தான் வெறிக்குது, பியர் இல்லை” என்பேன். நம்பினான். என்னை அவன் அவ்வளவு நம்பினான் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கிளாஸை ஏன் வைத்துவிட்டீர்கள்? சரி, பரவாயில்லை.

ஒரு திங்கள் விடியற்காலை ஷிப்ட். கராஜில் திடீரென்று எல்லோரையும் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பயமில்லாமல் முதல் ஆளாகப் போய் ஊதியிருக்கிறான். அதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. மது காட்டியதும் மிஷின் பிழை என்றானாம். மறுபடியும் ஊதச் சொன்னார்கள். மறுபடியும் அதே முடிவு. யூனிபோர்முடனேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பிரியந்தி வந்து இந்த வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “உங்கட வீட்டில ஏதும் குடிச்சவரோ அண்ணை? நீங்கள் சொன்னா நான் நம்புவன்” என்றாள். நான் யோசித்தேன். அந்தக் கிழமைதான் கழகத்தின் போட்டி. மென் பியர் பிரிவில் என்னுடையது இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. இந்த நேரத்தில் ஒரு சாரதியின் வேலையைப் பறித்த பியர் என்று பெயர் வந்தால், அதை யார் வாயில் வைப்பார்கள்? நான் மட்டும் என்றால் பரவாயில்லை. பியர் என்ன பாவம் செய்தது? “மாதாவாணை, ஸீரோதான் தங்கச்சி” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அன்றைக்கே பூட்டை மாற்றிவிட்டாள் என்று கேள்வி.

குகன் பிறகு ஒருமுறை வந்தான். நூல் கட்டிய கையைக் காட்டிக்கொண்டே, “அண்ணை, நான் நித்திரையில எழும்பிக் குடிக்கிறனோ? எனக்கு விசரோ?” என்று கேட்டான். அவன் கண்ணில் அப்படி ஒரு பயம். அவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். “இருக்கலாம் குகன். பழைய குடியருக்கு அப்பிடி வாறது உண்டு” என்றேன். அவன் என் முன்னாலேயே அந்த நூலை அறுத்து மேசையில் வைத்தான். அதோ, அந்தக் கோப்பையின் கைப்பிடியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஓம், முதல் பரிசுதான். அந்த வெற்றியில் அவனுக்கும் பங்கு உண்டு என்று ஒரு மரியாதைக்கு.

இப்போது அவன் பிளேஸ்டோவில் ஒரு அறையில் இருக்கிறான். போன கிழமை போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே தகர டின்கள். மூலைக்கடையில் மலிவுக்கு விற்கிற கழுவுநீர், பிள்ளை. என் நெஞ்சு உடைந்துபோனது. அவ்வளவு நாக்கு உள்ள மனுசன் அதைக் குடிக்கலாமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு போத்தல் என்னுடையதைக் கொண்டுபோயிருந்தேன். அவன் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நன்றி இல்லாதவன் என்று சொல்ல வரவில்லை, ஆனால் மனம் நொந்தது.

அன்றிலிருந்து பியர் வடிக்கிறேன், சொல்ல ஆளில்லை. புதிதாக அரிசியைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் மணி அடித்தபோது அதைத்தான் கிளாஸில் ஊற்றித் தனியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழும்பாதீர்கள். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? குளிர்பெட்டியில் ஒரே ஒரு பீப்பாய்தான் இருக்கிறது. அந்த முதல் ஞாயிற்றுக்குப் பிறகு இந்த வீட்டில் ஸீரோ என்று ஒன்று இருந்ததில்லை. செத்ததை விருந்தாளிக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. கார்ச் சாவியை உள்ளே வையுங்கள். கார் இங்கேயே நிற்கட்டும், நாளைக்கு வந்து எடுங்கள். தெருமுனையில் பஸ் நிற்கும். குகன் ஓட்டிய அதே பஸ்தான், இப்போது யாரோ புதிய ஆள்.

வியாழக்கிழமை நான் வருகிறேன். அவர்கள் முன்னால் எல்லாவற்றையும், உங்களுக்குச் சொன்னது போலவே, ஒன்றும் விடாமல் சொல்கிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்று அவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும். அவனுக்கு வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான், திரும்ப ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாம். அதற்குமுன் எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். முதல் மிடற்றில் உங்கள் கண் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அரிசி கூடிவிட்டதா, அளவாக இருக்கிறதா? என் மனம் நோகும் என்று பார்க்காமல் உண்மையைச் சொல்லுங்கள். யாரும் என்னிடம் பொய் சொன்னால் என்னால் தாங்க முடியாது.