முப்பது சந்தனப் பொட்டு

– முப்பது பீஸும்மா! முப்பதுலயும் கரெக்டா அந்த ஓட்டை மேலயே வச்சிருக்க! வேற இடமே கிடைக்கலையா ஒனக்கு? பின்னாடி வச்சிருக்கலாம்ல? ஓரத்துல வச்சிருக்கலாம்ல?

– ஏலே முகேசு, மெதுவாப் பேசு, தெருவே கேக்குது. ஆயுத பூசைக்குப் பொட்டு வச்சது ஒரு குத்தமா? ஒங்க அப்பா தோட்டத்து மோட்டருக்கு வச்சேன். மிக்சிக்கு வச்சேன். கீர்த்தனா ஸ்கூட்டிக்கு வச்சேன். அதெல்லாம் ஓடலையா? நீ செஞ்ச வீடியோ கேம் மட்டும்தான் பொட்டு வச்சதும் செத்துப் போச்சாக்கும்.

– அது ஓட்டை இல்லம்மா, மைக்கு! வாயால ஊதுறதுக்குன்னே வச்ச மைக்கு! ஊதுனாத்தான் ஸ்கிரீன்ல இருக்குற தவக்களை பறக்கும். நீ குழைச்சு அப்புன சந்தனம் ராத்திரியோட காஞ்சு கல்லு மாதிரி ஆகிப்போச்சு.

– பொட்டுன்னா நெத்திக்கு நடுவுலதான் வைப்பாக. நீ மேல நட்ட நடுவுல ஒரு பள்ளம் வச்சிருந்த. பொட்டு வைக்கத்தான் இம்புட்டு அழகா பள்ளம் தோண்டிருக்கான் புள்ளன்னு நெனச்சேன்.

– கேட்டியா கீர்த்தி? கேட்டியா? பெங்களூரு வேலைய விட்டுட்டு வந்து ரெண்டு வருசம் ஒக்காந்து செஞ்சேன். பொட்டு வைக்கிற பள்ளமாம்!

– எனக்குச் சிரிப்பு வருதுண்ணே.

– சிரிச்ச, அறைஞ்சிருவேன் பாத்துக்க.

– அறைவ, அறைவ. ஒண்ணு கேக்கவா? காலையில கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகையில நீ பாத்திருக்கணுமா வேணாமா? பொட்டு வச்சது அம்மான்னா, பாக்காமத் தூக்கிட்டுப் போனது யாரு?

– அம்மா எங்க பாக்க விட்டுச்சு? பூசையில வச்சத விசயதசமி காலையிலதான் தொடணும்னு ராத்திரி பூரா காவல் காத்துச்சு. காலையில எடுத்தேன், பையில போட்டேன், ஓடுனேன். ஒம்பது மணிக்குக் கடை விரிக்கணும். ஒவ்வொண்ணாத் தூக்கி மூக்குல வச்சு மோந்து பாக்க நேரம் இருந்துச்சா?

– சரி. அதுக்காக அம்மாவ இந்தக் கத்து கத்தணுமா?

– நீயும் அங்கதான நின்ன? அந்தப் பய ஊதுனான் பாரு, கன்னம் ரெண்டும் உப்பிப் போயி, மூஞ்சி செவந்து போயி. தவக்களை அசையல. அவன் அப்பன்காரன் என்ன சொன்னான்? "என்ன தம்பி, அடுப்பு ஊதவா விடுறீங்க?"ன்னான். சுத்தி நின்னவன் அம்புட்டுப் பேரும் சிரிச்சான். அருளப்பன் சாரு அப்பத்தான் வந்து நிக்கிறாரு. மதுரை, தேனி, இங்கன்னு பதினோரு பொம்மைக் கடை வச்சிருக்குற மனுசன். அவரக் கண்காட்சிக்கு வரவைக்க நான் ஆறு மாசம் நடந்தேன். எனக்கு அப்பிடியே தரையப் பொளந்துட்டு உள்ள போயிரலாம்னு இருந்துச்சு.

– அம்மா, ஒனக்கு ஒண்ணு தெரியுமா? அப்ப அவருகிட்ட அண்ணன் என்ன சொல்லுச்சு தெரியுமா?

– கீர்த்தி, வாய மூடு.

– ஏன் மூடணும்? "வீட்டுல வெவரம் தெரியாதவங்க கைய வச்சுட்டாங்க சார்"னு சொல்லுச்சும்மா. அத்தன பேரு முன்னாடி.

– யாரு வெவரம் தெரியாதவ?

– ம்மா, அது சும்மா ஒரு பேச்சுக்கு...

– யாருடா வெவரம் தெரியாதவ? முப்பதுக்கும் பின்னாடி நாலு நாலு ஸ்குரூ, யாருடா முறுக்குனது? ஒனக்குக் கை நடுங்குதுன்னு, அந்தப் பொடி வயர ஒட்டுறப்ப பூதக்கண்ணாடிய யாருடா புடிச்சுக்கிட்டு நின்னது? சோத்த வடிக்கிறதுக்கும் நான், ஸ்குரூ முறுக்குறதுக்கும் நான். ஊருக்குள்ள சொல்றப்ப மட்டும் வெவரம் தெரியாதவ!

– ம்மா, ஒக்காரு. எங்க எந்திரிக்கிற?

– நான் நத்தத்துக்குப் போறேன், எங்க அண்ணன் வீட்டுக்கு. பஸ்சு இருக்கு. வெவரம் தெரிஞ்சவகளா ரெண்டு பேரு இருக்கீக, நல்லா இருங்க.

– நீ போகாதம்மா. போறதா இருந்தா நானும் வாரேன். இரு, அண்ணன் பதில் சொல்லட்டும். அண்ணே, ஒண்ணு கேக்கவா? அந்த மைக்கு இன்னைக்கு வேலை செஞ்சிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருக்கும்?

– என்ன கிழிச்சிருக்குமா? ஊதுனா பறக்கும்! உலகத்துல எந்த கேம்ல ஊதுனா பறக்குது?

– போன்ல மைக் இல்லையா? நாளைக்கு எவனாவது போன்லயே ஊதுற மாதிரி ஒரு கேம் செஞ்சு சும்மா விட்டான்னா ஒன் புயலு என்ன ஆகும்? பேரு வேற வச்சிருக்க, புயல்னு.

– இந்தா பாரு, ஒனக்கு யாவாரம் தெரியாது. எல்லாப் பய பையிலயும் ஒரு போன் இருக்கு. அதுல ஆயிரம் கேம் இருக்கு, சும்மாவே இருக்கு. அவன் எதுக்குத் தனியா ஒரு பொட்டிய வாங்கணும்? அதுல இல்லாத ஒண்ண இதுல காட்டுனாத்தான் நிப்பான்.

– நிப்பான். ஊதுவான். சிரிப்பான். போயிருவான். அதுக்குப் பேரு யாவாரமா? வித்தை காட்டுறது. மொதல்ல என்ன செஞ்ச? பக்கவாட்டுல ஒரு கைப்பிடி, சுத்திக்கிட்டே ஆடணும். மாவு அரைக்கிற மாதிரி இருக்குன்னு கூட்டாளிப் பயலுகளே சிரிச்சானுக. அப்புறம் ரெண்டா மடிக்கிற ஸ்கிரீன். அது மூணாம் நாளே மடிச்ச இடத்துல செத்துப் போச்சு. இப்ப ஊதுறது. எல்லாம் ஜிகினாண்ணே. தீபாவளி சட்டையில ஒட்டுற ஜிகினா.

– ஜிகினா இல்லாம என்னத்த வச்சு நிப்பாட்டுவ? "இது நல்ல கேம்"னு அட்டையில எழுதித் தொங்க விடுவியா?

– ஒரு புள்ள வாய் வச்சு ஊதுனத அடுத்த புள்ள வாங்கி ஊதுமா? எச்சின்னு எந்த ஆத்தா விடுவா? சொம்புத் தண்ணியவே தூக்கி ஊத்திக் குடிக்கிற ஊருல பொறந்துட்டு, வாய் வைக்கிற பொட்டி செஞ்சிருக்க. இத நான் மாசி மாசமே சொன்னேன். கேட்டியா?

– வாய் வைக்க வேணாம்டி! தள்ளி வச்சு ஊதுனாலே போதும்!

– அத நீ புள்ளைகளுக்குச் சொல்லு. ஆறு வயசுப் புள்ள தள்ளி வச்சா ஊதும்? எச்சி தெறிக்காமலா ஊதும்?

– அப்ப போனோட எத வச்சுத்தான் மோதுறது? சொல்லு! ரெண்டு வருசமா வேணாம் வேணாம்னு மட்டும் சொல்ற. வேணுங்கிறது எதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னியா?

– பட்டன்.

– என்னது?

– பட்டன்ணே. போன்ல ஆடுறப்ப ஒன் பெருவிரலே பாதி ஸ்கிரீன மறைக்குது. எங்க அமுக்குறோம்னு பாத்துப் பாத்து அமுக்கணும். நடுவுல வெளம்பரம் வரும். நடுவுல சித்தப்பா போன் பண்ணுவாரு. நடுவுல ஆத்தாக்காரி வந்து புடுங்கிக்கிருவா. இதுல அதெல்லாம் இல்ல. கையில எடுத்தா வெரலு தானாப் பட்டன்ல போயி ஒக்காருது. அம்புட்டுதான். அதுக்கு மேல கேம் நல்லா இருக்கணும். கேம் எழுதுறவ நான், அத நான் பாத்துக்கிறேன்னு எத்தன தடவ சொன்னேன்?

– பட்டன்! முப்பது வருசத்துக்கு முந்தி இருந்த பட்டன்! அத வச்சுக்கிட்டு இவ போனோட மோதப் போறா!

– இன்னைக்கு மோதுச்சே! நீ பாக்கல. மைக்கு செத்துப் போச்சுன்னதும் நீ கடைக்குப் பின்னாடி போயி தலையில கைய வச்சு ஒக்காந்துட்ட. நான் டெஸ்ட் பண்றதுக்குன்னு பட்டன்லயும் பறக்குற மாதிரி எழுதி வச்சிருந்தேன்ல, அத பச்சப் பாவாடை கட்டுன ஒரு பொண்ணு தானாக் கண்டுபுடிச்சுருச்சு. ரெண்டு தடவ அமுக்குனா தவக்களை பறக்குதுன்னு கத்துச்சு. அப்புறம் பாக்கணுமே! வரிசைண்ணே. சாப்பாட்டு நேரம் வரைக்கும் வரிசை.

– வரிசையில நின்னா வாங்கிட்டாகளா?

– அத அருளப்பன் சாருதான் சொல்லணும்.

– அந்தாளு சொல்லிட்டாரு. "சாயங்காலம் கூப்புடுறேன் தம்பி"ன்னுட்டுப் போனாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். கூப்புட மாட்டாரு. எல்லாம் போச்சு. இந்தச் சந்தனத்துல போச்சு!

– மறுபடி சந்தனத்துக்கே வாரான் பாரு. கீர்த்தனா, அந்த மஞ்சப் பைய எடு. நான் கெளம்புறேன்.

– ம்மா, நான் ஒன்னப் போகச் சொன்னேனா?

– இருக்கச் சொல்லவும் இல்லையேடா.

– அண்ணே, ஒன் போனு.

– எடுக்காத.

– அருளப்பன்னு போட்டிருக்குண்ணே! எடு! எடுன்னா!

– சார்... வணக்கம் சார்... ஆமா சார், வீட்டுலதான்... இல்ல சார், அதான் காலையிலயே சொன்னேனே, அந்த மைக்கு மேல... என்னது சார்?... பேத்தியா?... அந்தப் பச்சப் பாவாடை கட்டுன பொண்ணா? அது ஒங்க பேத்தியா சார்?... எம்புட்டு நேரம்?... ஒண்ணரை மணி நேரமா?... ஒங்க போன ஒரு தடவ கூடக் கேக்கலையா?

– என்ன சொல்றாரு? ஏலே, என்ன சொல்றாரு?

– அம்மா, சும்மா இரு, கேப்போம்.

– சரி சார்... எரநூறா?... தை மாசத்துக்குள்ளயா?... முடியும் சார், முடியும்... என்ன மாத்தணும்?... எது சார்?... மேல நடுவுல இருக்குறதா?... இல்ல சார், அது எதுக்குன்னா... அது வந்து... சரி சார். மூடிரலாம் சார்... ஆமா, தூசி போகும், எறும்பு போகும், கரெக்டுதான்... வச்சிர்றேன் சார்.

– அண்ணே?

– எரநூறு பீஸு கேக்குறாரு.

– அம்மா! எரநூறும்மா! ஸ்குரூவுக்கு ரெடியா இரு!

– அந்த ஓட்டை எதுக்குன்னு கேக்குறாரு கீர்த்தி. எதுக்குன்னே அவருக்குத் தெரியல. ரெண்டு வருசம். என் ரெண்டு வருசமே அந்த ஓட்டைதான். எதுக்குப்பா அது, எறும்பு போகும், மூடிருங்கன்னு சொல்றாரு.

– நல்லதுதானண்ணே சொல்லிருக்காரு. அதுக்கு ஏன் எளவு விழுந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?

– ஒனக்கென்ன, ஜெயிச்சுட்ட. ஒன் தவக்களை ஜெயிச்சுருச்சு. ஒன் பட்டன் ஜெயிச்சுருச்சு. போ, தெருவுல போயி ஆடு.

– இதுல என்னண்ணே நீ நானுன்னு? பொட்டி செஞ்சது நீதான? பட்டன் வச்சதும் நீதான? அந்தப் பட்டன் அம்புட்டு நல்லா இருக்கு, அது ஒன் கை வேலை. அந்த ஒரு ஓட்டைதான் தப்பு. மொதல்ல அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு.

– கேக்குறேன்.

– இப்பக் கேளு. நான் அந்தப் பைய விரிச்சு ஒவ்வொண்ணாத் தொடைக்கிறேன். நாளைக்கே ஒண்ண மூடிக் காட்டணும்ல. பாரும்மா, எப்பிடி அப்பி வச்சிருக்க நீயும். குங்குமம் வேற நடுவுல.

– அந்தப் பைய விடு. நான் பாத்துக்கிறேன்.

– ஏன், நான் தொட்டா ஒடஞ்சிருமா? ஒண்ணு, ரெண்டு... எல்லாம் ஒரே மாதிரிதான்... இது என்ன?

– விடுன்னு சொல்றேன்ல!

– இதுல ஓட்டை சுத்தமா இருக்கு. சுத்தியும் பொட்டு அப்பிடியே இருக்கு, நடுவுல மட்டும் தோண்டி எடுத்திருக்கு. இத யாரு குத்துனது?

– நான்தான். மத்தியானம். கடைக்குப் பின்னாடி.

– பொய் சொல்லாதண்ணே. கடையில விரிச்சது இருபத்தொம்பது. நான்தான் அடுக்குனேன். ஒண்ணு கொறையுதேன்னு கேட்டதுக்கு, வீட்டுல விட்டுட்டேன்னு சொன்ன. இது பைக்கு அடியில துண்டுல சுத்திக் கெடக்கு. எப்பக் குத்துன?

– கீர்த்தனா, நீ செத்த நேரம் தள்ளு. ஏலே முகேசு, இங்க பாரு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. காலையிலேயே ஒனக்குத் தெரியுமா?

– ம்மா...

– தெரியுமாடா? தெரிஞ்சுக்கிட்டா நாள் பூராம் என்னைய இந்தப் பேச்சுப் பேசுன?

– ஏழு மணிக்கே பாத்துட்டேம்மா. ஒண்ண மட்டும் ஊசியால குத்தி ஊதிப் பாத்தேன், நல்லாத்தான் பறந்துச்சு. மிச்சத்துக்கும் நேரம் இருந்துச்சு, ஊசியும் கையில இருந்துச்சு. ஆனா எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சும் எவனும் வாங்காமப் போயிருந்தா, நான் யாரத் திட்டுறதும்மா?