நாலு நாப்பது பஸ்

இல்லம்மா, நீ ஏன் நகர்ற? உக்காரு, உக்காரு. அந்தப் பக்கம் ஏசி காத்து வரல, அதான் இங்க மாறி உக்காந்தேன். எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல, நான் வைத்தியத்துக்கு வரல. காத்து வாங்க வந்திருக்கேன். ஏன் சிரிக்கற? நிஜமாத்தான் சொல்றேன். இந்த ஊர்ல காசு குடுக்காம குளுகுளுன்னு உக்கார உருப்படியான இடம் இந்த ஆஸ்பத்திரி ஹால் ஒண்ணுதான். பேங்க்ல உக்காந்தா கால் மணி நேரத்துல ஒருத்தன் வந்து என்ன வேலையா வந்தீங்கன்னு கேக்கறான். லைப்ரரியில ஃபேனுக்குக் கீழ இருக்கற நாற்காலியெல்லாம் காலையிலயே ரிட்டயர்டு கூட்டம் துண்டு போட்டுப் பிடிச்சுடுது. முந்தாநாள் ஒரு பர்னிச்சர் கடைக்குள்ள போயி, சோபா வாங்கறவ மாதிரி முக்கா மணி நேரம் சாஞ்சு உக்காந்திருந்தேன். குடிக்கத் தண்ணியெல்லாம் கொண்டுவந்து குடுத்தாங்க. கடைசில கலர் பிடிக்கலன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஆஸ்பத்திரியிலதான் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. மூஞ்சியைக் கொஞ்சம் தொங்கப் போட்டுக்கிட்டா போதும்.

ஆமா, வெளியூரு. ஊர் சுத்திப் பாக்க வந்தேன். தனியாத்தான். ஏன், அறுபத்தோரு வயசுல தனியா வந்தா போலீசு பிடிச்சுட்டுப் போயிடுமா?

ஊரா இது? நீ தப்பா நினைச்சுக்காத, நீ இந்த ஊருப் பொண்ணா? ஓ, கல்யாணம் ஆகி வந்தவளா. அப்ப உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. கெட்டும் பட்டணம் சேர்னு எவன் சொன்னானோ, அவனை இங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு ரோட்டுல செருப்பில்லாம நிக்க வைக்கணும். வந்த அன்னிக்கே பெரிய டவர்னு சொன்னாங்களேன்னு ஏறினேன். முன்னூத்தி எட்டுப் படி. மேல போய்ப் பாத்தா என்ன தெரியுதுங்கற? மொட்டை மாடி. ஊர் பூரா மொட்டை மாடி, மாடி பூரா தண்ணி டேங்க். இதைப் பாக்கவா மூச்சு வாங்க ஏறினேன்? அடுத்த நாள் நீரூற்றுப் பூங்கான்னு போனேன். தொட்டியில தண்ணி இல்ல, ஒரு நாய் படுத்திருந்துச்சு. மியூசியத்துல உடைஞ்ச பானையைக் கண்ணாடிக்குள்ள வச்சு, பக்கத்துல உடைஞ்ச பானைன்னே எழுதி வச்சிருக்கான். நமக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?

தங்கறது டார்மிட்டரியில. ஒரு ரூம்ல எட்டுக் கட்டில், எனக்கு மேல் கட்டில். இந்த வயசுல ஏணி ஏறிப் படுக்கறேன். கூட இருக்கறதெல்லாம் சின்னப் பொண்ணுங்க. ஆமை மாதிரி முதுகுல வீட்டையே கட்டித் தூக்கிட்டு வந்திருக்குங்க, அதுக்குள்ள ஒரு குடை கிடையாது. அதுல ஒருத்தி நேத்து ஒரு பூட்டின கதவை அரை மணி நேரம் போட்டோ எடுத்தா. திறந்திருந்தா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டா. காலையில கிழக்குப் பக்க நடைபாதை, சாயங்காலம் மேக்குப் பக்கம், அங்கதாண்டி நிழல் விழும்னு சொல்லிக் குடுத்தேன். போன்ல பாத்து நடந்துக்கறோம் ஆன்ட்டின்னு சொல்லிட்டு நட்டநடு வெயில்ல போச்சுங்க. சாயங்காலம் சுட்ட கத்திரிக்கா மாதிரி வந்து விழுந்துச்சுங்க.

பிரயாணிங்கன்னாலே எனக்கு ஆகாதும்மா. முப்பத்தோரு வருஷம் அவங்க மூஞ்சியில முழிச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கவுண்டர்ல உக்காந்திருந்தேன். தலைக்கு மேல ஆளுயரத்துக்குப் போர்டு தொங்கும். அதுக்கு நேர் கீழ நின்னுக்கிட்டு பஸ் எப்பன்னு கேப்பான். சொன்னா, இன்னொரு தடவை சொல்லுங்கம்பான். சொன்னா, நிச்சயமாவாம்பான். அப்புறம் நேரா டீக்கடைக்காரன்கிட்ட போயி அதையே கேட்டு உறுதி பண்ணிக்குவான். டீ ஆத்தறவனுக்கு இருக்கற மதிப்பு எனக்கு இல்ல.

ஆனா ஒண்ணு. நான் பேப்பரைப் பாத்துச் சொன்னதே கிடையாது. நூத்தி இருபத்தாறு சர்வீஸ், போறது வர்றது எல்லாம் நாக்கு நுனியில. டிப்போல எனக்குப் பேரே மனப்பாடம்தான். மனப்பாடம் வந்தாச்சா, மனப்பாடம் சாப்பிட்டாச்சான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அதுல ஒரு திமிரு. பக்கத்துச் சீட்டுக்காரி விரலை வச்சு வரி வரியாத் தேடுவா. நான் அவளைப் பாத்துச் சிரிப்பேன்.

தப்பா சொன்னதே இல்லையான்னா கேக்கற? வாயைக் கிளறற பாரு. ஒரு தடவை சொல்லியிருக்கேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரே தடவை.

எனக்கு ஒரு அண்ணன். ரெண்டு வயசுதான் மூத்தவன், அதனால அவன் இவன்னுதான் வரும், நீ கண்டுக்காத. வேலை கிடைச்சு வேற ஊர்ல போய் உக்காந்துட்டான். அங்கயே வீடு வாங்கினான். போன் பண்ணினா அந்த ஊர்ப் பெருமைதான். டவர் இருக்கு, பூங்கா இருக்கு, ஒரு தடவை வந்து பாருன்னுவான். உலைக்குள்ள வந்து உக்கார எனக்கென்ன தலையெழுத்தான்னு நான் கேப்பேன். அம்மா என்கூட இருந்தா. பெத்தவளை விட்டுட்டு ஊர்ப் பெருமை பேசறான்னு எனக்கு எரிச்சல். அதை மறைச்சும் வச்சுக்கல, மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்.

அம்மா படுத்த படுக்கையாயிட்டா. ரெண்டு நாள் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. அவனுக்குத் தகவல் சொல்லிட்டு நான் டூட்டிக்குப் போனேன். அவன் பாதி வழியில ஜங்ஷன்ல இறங்கி கவுண்டருக்கே போன் பண்ணினான். அடுத்த பஸ் எப்ப, இல்ல கார் பிடிச்சு வந்துடட்டுமான்னு கேட்டான். நாலு நாப்பதுக்கு இருக்கு, அதுல வா, கார்ல வந்து இறங்கி யாருக்குப் பவுசு காட்டப் போறன்னு சொல்லிட்டு வச்சேன்.

நாலு நாப்பது இல்லம்மா. அன்னிக்கு ஒண்ணாந்தேதி. புது அட்டவணையில அந்த பஸ்ஸைத் தூக்கிட்டாங்க. அடுத்தது ஏழரைக்குத்தான். இதுல வேடிக்கை என்னன்னா, அந்த அட்டவணையைக் காலையில கண்ணாடியில ஒட்டினதே நான்தான். ஜனங்க படிக்கணும்னு எழுத்து வெளிய தெரியற மாதிரி ஒட்டணும். உள்ள இருக்கறவளுக்கு வெள்ளைப் பேப்பரோட முதுகுதான் தெரியும். ஒரு எட்டு வெளிய போய்ப் படிச்சிருக்கலாம். மனப்பாடம் போய்ப் படிப்பாளா?

அம்மா ஆறு மணிக்குப் போயிட்டா. நான் டூட்டி முடிஞ்சு வந்து பக்கத்துல இருந்தேன். அண்ணன் வந்துட்டானான்னு கேட்டா. பஸ்ல வந்துட்டிருக்கான்மான்னு சொன்னேன். அதுவும் தப்பான தகவல்தான். அவன் அப்ப ஜங்ஷன்ல பெட்டி மேல உக்காந்து வராத பஸ்ஸைப் பாத்துக்கிட்டிருந்தான்.

வந்தான். அத்தனை சொந்தக்காரங்க முன்னாடி கேட்டான். ஊருக்கெல்லாம் சரியா சொல்றவ எனக்கு மட்டும் எப்படித் தப்பா சொன்னன்னு. வேணும்னே சொன்னேன்னு நினைச்சுட்டான். பாக்காம சொல்லிட்டேண்டான்னு அப்பவே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டிப்போக்காரன் பஸ்ஸை நிறுத்தினதுக்கு நான் என்ன பண்ண முடியும்னு கேட்டேன். வாய்க்கொழுப்பு. பதினாலு வருஷமாச்சு, அவனும் பேசல, நானும் பேசல. ஊரையெல்லாம் இளக்காரமாப் பேசறேனே, என்னைவிடக் கேடுகெட்டவளை நான் அந்தக் கவுண்டர்ல பாத்ததில்ல.

அவன் பெருமையடிச்ச ஊரு இதுதாம்மா. அந்த டவரு, அந்தப் பூங்கா, எல்லாம் இதுதான்.

எந்திரிக்காத, இரு. உன் வீட்டுக்காரர் வர இன்னும் நேரமாகும், ஆபீஸ் முடிஞ்சு வரணும் இல்ல? எனக்கு எப்படித் தெரியும்னா, சொல்றேன். போன வாரம் அண்ணி போன் பண்ணினா. இந்த ஆஸ்பத்திரி, இந்த மாடி, இந்தக் கட்டில், வெள்ளிக்கிழமை காலையில அவனுக்கு நெஞ்சைத் திறக்கறாங்கன்னு சொன்னா. வான்னு சொல்லல. தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, உனக்கு அதுகூட ஆடாதான்னு கேட்டுட்டு வச்சுட்டா. ஆடல, ஊர் சுத்திப் பாக்கத்தான் போறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு பஸ் ஏறினேன். தினமும் இந்த நேரத்துக்கு இங்க வந்துடுவேன். ஒரு நோயாளிக்கு ஒரு அட்டைதானாமே. மேல இருக்கறவங்க இறங்கி வந்து அதைக் கையில குடுத்தாத்தான் அடுத்தவங்க ஏற முடியும். மூணு நாளும் அண்ணிதான் அட்டையோட இறங்கி வந்தா. நான் அந்த மருந்துக் கடைத் தூணுக்குப் பின்னால பேப்பரை மூஞ்சிக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவகிட்ட போய்க் கேக்க எனக்கு வாய் வரல. அப்புறம் ஆறு மணி ஆயிடும், வாட்ச்மேன் வழியை மறிச்சுடுவான், நான் டார்மிட்டரிக்குப் போயிடுவேன்.

இன்னிக்கு நீ இறங்கி வந்த. கையில பச்சை அட்டை. அதுல நாலாவது மாடி, பன்னெண்டாம் கட்டில்னு எழுதியிருந்துச்சு. இத்தனை நாற்காலி காலியாக் கிடக்கறப்ப ஏசிக்காகவா உன் பக்கத்துல வந்து உக்காந்தேன்? ஏசி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரிதான் வருது. உன் புருஷனுக்கு நான் அத்தை. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல, அதான் உனக்கு என்னைத் தெரியல.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மணி அஞ்சே முக்கால். உன் மாமனார்கிட்ட எனக்கு மூணு வார்த்தை சொல்லணும். நான் பாக்காம சொல்லிட்டேன். அவ்வளவுதான், சொல்லிட்டு இறங்கிடுவேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் சரி, காது இந்தப் பக்கம்தானே இருக்கும்.

அழாதம்மா, அட்டையைக் குடு. நாலாவது மாடிக்கு எந்த லிப்டு? ரெண்டுல ஒண்ணு எல்லா மாடியிலயும் நிக்காதுன்னு வாட்ச்மேன் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தான். இல்ல, சும்மா கையைக் காட்டாத. எந்திரிச்சுப் போயி, போர்டைப் பாத்துட்டு வந்து சொல்லு.