மூன்று மூச்சு

மாலை ஆறே முக்கால் மணி. காட்டின் எல்லைக் கற்களை ஒட்டிப் போகும் மண் சாலை. கடைசி பஸ் போய்விட்டால் அதில் ஈ காக்கை இருக்காது.

நெருங்கி உட்காருங்கள். கொடி ஊறப்போடும் அந்தத் தொட்டிப் பக்கம் மட்டும் யாரும் போக வேண்டாம்.

நீங்களெல்லாம் உங்கள் பேய்க் கதைகளை நண்பனின் மாமாவுக்கு நடந்தது, பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்கு நடந்தது என்று சொன்னீர்கள். இது எனக்கு நடந்தது.

நீங்கள் இந்தப் பட்டறையில் உட்கார்ந்து கூடை முடைகிறவர்கள். கொடி வெட்டப் போனதில்லை. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வெட்ட அனுமதி உண்டு. அந்தப் பக்கம் கிடையாது. ஆனால் நல்ல கொடி அந்தப் பக்கம்தான் வேர்விடும். மரம் மரமாக ஏறி, இந்தப் பக்கம் வந்து தொங்கும். ஒருவர் உள்ளே போய் அடியில் வெட்டுவார். இன்னொருவர் சாலையில் நின்று நுனியை இழுப்பார்.

வாயைத் திறந்து கூப்பிட்டால் வனக் காவலர் காதில் விழும். அதனால் கொடி வழியாகத்தான் பேச்சு. உள்ளே இருப்பவர் வெட்டிய முனையைப் பிடித்து இழுப்பார். ஒன்று என்றால், இருக்கிறாயா. இரண்டு என்றால், வெட்டியாயிற்று, இழு. மூன்று என்றால், இழுக்காதே, நான் இன்னும் மரத்தடியில்.

இரண்டு வந்ததும் இழுத்துவிடக் கூடாது. மூன்று மூச்சு பொறுக்க வேண்டும். மூன்றாவது வந்தாலும் வரும்.

என் மனைவி வீட்டுக்குப் பரம்பரையாக இதுதான் தொழில். எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். முதல் வாரம் முழுக்கத் தப்புத் தப்பாகச் செய்தேன்.

"டிகிரி வாங்கினவருக்கு மூணு வரைக்கும் எண்ண வரலையே," என்றாள்.

"விடுக்கா, மாமா இன்னும் ஒண்ணாம் கிளாஸ் தாண்டலை," என்றான் மச்சினன்.

அவனும் இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைக்கு நானும் அவளும் மட்டும் போனோம். அவள் உள்ளே, நான் சாலையில். வெளிச்சம் மங்கிவிட்டது. தூரத்தில் ஜீப் சத்தம்... கையில் இரண்டு இழுப்பு வந்தது.

நான் பொறுக்கவில்லை. முழு பலத்தோடு இழுத்தேன்.

மேலே ஒரு முறிவு. இலைகளின் சரசரப்பு. பிறகு, ஈர மண்ணில் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

ஜீப் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது.

பட்டுப்போன கிளை, தானாக அவள் மேல் விழுந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். "நீங்க என்ன மாமா பண்ணுவீங்க," என்று மச்சினன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் இழுத்ததை அவனிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மூன்றாவது வர இருந்ததா, இல்லையா. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

நாற்பது நாள் கழித்துத் தனியாகப் போனேன். அதே நேரம். கொடி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, இலையெல்லாம் காய்ந்து. நுனியைப் பிடித்தேன். பச்சைக் கொடியை வெட்டும்போது ஒரு வாசனை வரும், லேசான கசப்போடு... காய்ந்த கொடியில் அந்த வாசனை வந்தது.

ஒரு இழுப்பு.

நானும் ஒன்று இழுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு.

மூச்சை எண்ணினேன். மூன்று. பத்து. அறுபது. இருட்டிவிட்டது. மூன்றாவது இழுப்பு வரவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெட்டிய முனை தரையில் கிடந்தது. அதில் ஒரு பிடி அளவுக்கு, நான்கு விரல் அகலம், ஈரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சருகு.

கிளையில் சிக்காமல் மெதுவாகக் கொடியை இறக்கிச் சுருட்டி எடுத்து வந்தேன். அதன் பிறகு தினமும் எல்லாரும் போன பிறகு இந்தப் பட்டறைக்கு வந்து நுனியைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். இரண்டு வரும். நான் இழுக்க மாட்டேன். காத்திருப்பேன். விடிந்துவிடும்.

"அந்தக் கொடி இப்ப எங்க மாமா?"

மச்சினன்தான் கேட்கிறான்.

அந்தத் தொட்டியில்தான். வெட்டிய முனை தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. நுனி என் கையில்.

கதையை ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வந்துவிட்டது.

கொஞ்சம் யாரும் பேசாதீர்கள்... எண்ணிக்கொண்டிருக்கிறேன்.